வேலிமசால் விதையும் வெளிப்பூட்டும்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் தேதி, புதன்கிழமை. அன்று கேரள-தமிழ்நாட்டு எல்லையூரான எருத்தேன்பதியில் வேலிமசால் விதைக்கு இரண்டு விலைகள் இருந்தன. விளைவித்தவளுக்குக் கிலோ நூற்றிருபது ரூபாய். விதைப்பதற்கு வாங்குகின்றவருக்குக் கிலோ ஆயிரத்து நானூறு ரூபாய். விதை ஒன்றே, இடையில் நின்ற வியாபாரியும் ஒருவரே. இதற்கு வாணிகம் என்று பெயரிடுவது தவறு.

வேலிமசால், கறவை மாடுகளுக்கான பயறுவகைத் தீவனப் பயிர். அவ்வாண்டு மாட்டுத்தீவன மூட்டையின் விலை ஏறியவுடன், மாடு வைத்திருந்தோர் எல்லாரும் பசுந்தீவனத்தை நாடினர். கம்பு நேப்பியர்ப் புல் என்றால் பக்கத்துத் தோட்டத்தில் கரணை வெட்டி வந்து நட்டுவிடலாம். வேலிமசாலுக்கோ விதையே வேண்டும். முந்தின ஆண்டு அறுநூறு ரூபாய்க்குக் கிடைத்த விதை, கடையில் இருமடங்கையும் தாண்டிப் போய் நின்றது.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, எருத்தேன்பதிக்குக் கிழக்கே ஒரு சிறிய பால் சங்கத்தின் விதைக்கிடங்கில் மூவர் அடைபட்டிருந்தனர். தகரக் கூரை, ஒரே கதவு, கம்பியிட்ட ஒரே சிறு சன்னல். கதவின் வெளிப்புறம் பூட்டுத் தொங்கியது. “அடைச்சு வெக்கலீங்க, உக்கார வெச்சிருக்கறோம்” என்றார் சங்கத் தலைவர் ரத்தினசாமி. வெளியே பூட்டுப் போட்டு உட்கார வைப்பதற்கு அடைத்தல் என்பதே பெயர்.

உள்ளே இருந்தவர்களுள் ஒருத்தி மருதாத்தாள். ஒன்றரை ஏக்கரில் வேலிமசாலை விதைக்கென்றே பயிரிடுபவள். மற்றொருத்தி ஜீவிதா. விதைப் பரிசோதனைக் கூடத்தில் ஆறாண்டுகள் பணியாற்றிவிட்டு, கொழிஞ்சாம்பாறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். மூன்றாமவன் அவளுடைய உதவியாளன் வீரபாண்டி. சூரியநெல்லியில் சுற்றுலா ஜீப் ஓட்டியவன். முப்பத்தெட்டு வயதாகியும் வாயை அடக்கக் கற்காதவன்.

மருதாத்தாளின் மீது சுமத்தப்பட்ட குற்றம் இது: ஏப்ரல் மாதத்தில் அவளிடம் சங்கம் அறுபது கிலோ விதையைக் கிலோ ஐந்நூற்றைம்பதுக்கு வாங்கியது. மே மாதக் கடைசியில் உறுப்பினர் பன்னிருவர் ஆளுக்கு நான்கு கிலோ எடுத்துச் சென்று விதைத்தனர். இரண்டு வாரங்கள் கழிந்தன. பன்னிரண்டு தோட்டங்களிலும் ஒரு முளைகூட எழவில்லை.

ஆகவே நான்கு மணிக்குள் அவள், “செத்த விதையை விற்றேன்” என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். மறுத்தால் காவல் நிலையத்தில் புகார். அவளுடைய தோட்டத்திலோ அடுத்த காய்ப்பு முற்றி நின்றது. ஐந்தாறு நாள்களுக்குள் பறிக்காவிட்டால் காய் வெடித்து விதை மண்ணில் கொட்டிவிடும். பறிப்பதற்கு அழைத்த ஆள்கள் வர மறுத்துவிட்டார்கள். அவள் பெயர் போனால் அந்த ஒன்றரை ஏக்கரும் போயிற்று; வேறு நிலம் அவளுக்கு இல்லை. மீதமிருந்த மூட்டையைப் பார்க்க அன்று காலையில் ஜீவிதாவை அவள் அழைத்து வந்தாள். மூவரும் உள்ளே நுழைந்ததும் பூட்டு விழுந்தது.

“எங்க சூரியநெல்லியில ஆனை வந்துச்சுன்னா, நாங்க உள்ள போயிக் கதவ அடைச்சுக்கிடுவோம் மேடம்” என்றான் வீரபாண்டி, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “இங்கன நம்மள உள்ள போட்டு அடைச்சிட்டு, ஆனைங்கல்லாம் வெளிய நின்னு பீடி குடிக்கி.”

“பேச்சக் கொறைச்சுட்டு அந்த மூட்டைய இறக்குங்க, பாண்டி.”

“போலீசுக்குப் போனப் போட்டிருவமா? டவரு ஒரு நிமிசம் கேரளாவுல நிக்கி, மறு நிமிசம் தமிழ்நாட்டுக்குப் போயிருது. நடுவுல புடிச்சிரலாம்.”

“வேண்டாமுங்க தம்பி” என்று மருதாத்தாள் பதறினாள். “ஸ்டேசன்ல என்ற பேரு ஏறுச்சுன்னா, அப்பறம் நாயம் எந்தப் பக்கம்னு ஆரும் கேக்க மாட்டாங்க. வெதைக்காரி ஸ்டேசனுக்குப் போனா, அவ்வளவுதான் நிக்கும்.”

மூட்டையில் பன்னிரண்டு கிலோ மிச்சமிருந்தது. அவிழ்த்தார்கள். வீரபாண்டி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு உடனே தீர்ப்பு வழங்கினான்.

“கேஸ் முடிஞ்சுது மேடம். ஆயிரத்து நானூறுக்கு விக்கிற அந்தக் கடைக்காரன் செங்கோட்டையன் நல்ல வெதைய அள்ளிக்கிட்டு, எங்கியோ கெடந்த பழைய வெதைய இதுல கொட்டிட்டான். கதவத் தொறந்ததும் பில்லப் போட்டிருவம்.”

மருதாத்தாள் விதையை முறத்தில் இட்டு நெடுநேரம் கிளறினாள். பிறகு நான்கு பெரிய, கறுத்த விதைகளைப் பொறுக்கி ஜீவிதாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“சணப்புங்க. என்ற வரப்புல சணப்புப் போட்டிருந்தேன். பறிக்கறப்பக் கொஞ்சம் கலந்துருச்சு. மாத்தலீங்க கண்ணு. இது என்ற வெதையேதான்.”

“ஏம்மா, ஒங்களக் காப்பாத்தத்தான வந்தோம்?” என்று வீரபாண்டி தலையில் கை வைத்தான். “நீங்களே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்னா எப்பிடி?”

“உள்ளதத்தானுங்க தம்பி சொல்ல முடியும்.”

கிடங்கு அப்போது இன்னும் சிறியதாயிற்று. விதை அவளுடையதே. முளைக்கவில்லை என்பதும் உண்மையே. மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிக்காவிட்டால் நான்கு மணிக்கு அவள் கையொப்பமிட்டே ஆகவேண்டும்.

சன்னலில் ஒரு முகம் தோன்றியது. செங்கோட்டையனின் முகம். தூய வெள்ளைச் சட்டை. கையில் ஒரு தாள், ஒரு பேனா.

“ஏனுங்க மருதாத்தாக்கா, எதுக்குங்க வெக்கையில வேகறீங்க? ஒரு ஒப்புப் போட்டுக் குடுத்துருங்க. உங்க காய் மொத்தமும் நானே எடுத்துக்கறேன். நூத்தியிருவது.”

“உங்க கடையில ஆயிரத்து நானூறுன்னு எழுதிப் போட்டிருக்கறீங்களேங்க?” என்றாள் ஜீவிதா.

“அது மொளைக்கற வெதைங்க. இது அரைச்சுத் தவிட்டுல கலக்கறக்குத்தான் ஆகும்.”

“தவிட்டுல கலக்கறக்கு எதுக்குங்க காய் வெடிக்கறக்குள்ள வேணும்னு நேத்து ஆளனுப்பிக் கேட்டீங்க?”

செங்கோட்டையன் புன்னகை செய்தார். “பாவம் பாத்துத்தானுங்க. ஒத்தையில இருக்கற பொம்பளை.” தாளையும் பேனாவையும் கம்பிக்கிடையே செருகிவிட்டு அகன்றார். ஒருவரைக் குழியில் தள்ளிய பிறகு மேலிருந்து காட்டுகின்ற பரிவு, மிகக் கொடியது.

மணி மூன்றாயிற்று. மருதாத்தாள் தாளைத் தொடவில்லை. ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீரபாண்டி மூட்டையின்மேல் தலை சாய்த்துக் கிடந்தான்.

“பசி காத அடைக்கி மேடம். வெதையிலகூட மோர்ச்சோத்து வாடை வருது.”

“என்ன வாடை?”

“புளிச்ச பாலு வாடை. பால் சங்கத்துல வேற என்ன, பிரியாணி வாடையா அடிக்கும்?”

ஜீவிதா எழுந்து சென்று விதையைக் கையில் தேய்த்து முகர்ந்தாள். மூட்டையின் மேற்புறத்தில் வாடை இல்லை. கையை முழங்கை வரை நுழைத்து அடியிலிருந்து அள்ளினாள். அங்கே இருந்தது. சாக்குக்கு இல்லாத வாடை, விதைக்கு இருந்தது.

“அம்மா, உங்க ஊட்டுல மாடு இருக்குதுங்களா?”

“வித்து மூணு வருசமாச்சுங்க.”

“அப்பப் பால் வாடை உங்க ஊட்டுலிருந்து வரலீங்க. பாண்டி, அந்த மூலையில வெளிச்சம் விழுகுது பாருங்க. இந்த வெதையை அங்க கொண்டாங்க.”

வீரபாண்டி இரண்டடி வைத்தான். மூன்றாம் அடியில் வழுக்கி, விதையோடு உட்கார்ந்தான். கூரைத் தகரத்தில் ஓட்டை. சென்ற வாரத்து மழை அவ்வழியே ஒழுகி மூலையெல்லாம் ஈரம்.

“அடைச்சது பத்தாதுன்னு பாசிய வேற வளத்து வெச்சிருக்கானுங்க!”

ஜீவிதா குனிந்து பார்த்தாள். அது பாசி அன்று. மூட்டையிலிருந்து சிந்தி, கூட்டித் தள்ளப்பட்ட விதைகள் அம்மூலையில் கிடந்தன. அவற்றிலிருந்து வெளிறிய, நூல் போன்ற முளைகள் நெருக்கமாக எழுந்து, புளியங்கொழுந்து போன்ற இலைகளைச் சன்னலின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

“செத்த வெதைன்னாங்களே!” என்றான் வீரபாண்டி, உட்கார்ந்தபடியே. “இது பொழைச்சுக் கெடக்கு. நாமதான் மேடம் ஜெயிச்சோம்.”

மருதாத்தாளின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அவள் ஒரு முளையைப் பிடுங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது ஆகாதுங்களே கண்ணு.”

“என்னங்க ஆகாது?”

“வேலிமசால் தோலு கல்லுங்க. பச்சத் தண்ணியில ஒரு வாரம் கெடந்தாலும் நூத்துல பத்துகூட மொளைக்காது. கொதிச்சு எறக்குன தண்ணியில அஞ்சு நிமிசம் போட்டெடுத்தாத்தான் தோலு எளகும். நான் வெந்நீர் காட்டாமத்தானுங்க குடுத்தேன். வெறும் மழைத்தண்ணிக்கு இது எப்படிங்க மொத்தமா மொளைக்கும்?”

ஜீவிதா சுவரோரம் கட்டாகக் கிடந்த காலிப் பைகளின்மேல் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: “சங்கத்துல கேன் கழுவறக்கு வெந்நீர் எங்கீங்க வெப்பாங்க?”

“பின்னால கொப்பரை இருக்குதுங்க. செக்ரட்டரி கோபிநாத்து பொறுப்பு.”

“வெந்நீர ஊத்தி வெதையப் போட்டு மூடி வெக்கோணும்னா?”

“பால் கேனுதானுங்க வாகு” என்று சொல்லி முடிக்கும் முன்பே மருதாத்தாளின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

ஜீவிதா, தான் உட்கார்ந்திருந்த கட்டிலிருந்து ஒரு பையை உருவினாள். பளபளப்பான பை, பசுவின் படம், கீழே விதைக்கும் முறை. படித்தாள். மறுமுறையும் படித்தாள். அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

“வாங்க பாண்டி. கதவு உள்ளிருந்து தொறக்காது. வெளிய இருக்கறவங்க வாயத் தொறந்தாத் தொறக்கும்.”

மூன்றே முக்காலுக்கு அவள் சன்னலருகே நின்றாள். வெளியே பன்னிருவரும் இருந்தனர். சற்றுத் தள்ளிச் செயலாளர் கோபிநாத், நிலத்தைப் பார்த்தவாறு. மரத்தடியில் தம் மோட்டார் சைக்கிளின்மேல் செங்கோட்டையன்.

“தலைவருங்க, ஒரே ஒரு கேள்விங்க. இந்த வெதைய உங்க ஊட்டுல எப்படிங்க வெதைச்சீங்க?”

“இது என்னுங்க கேள்வி?” ரத்தினசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “சுடுதண்ணில போட்டெடுத்துத்தான். நாப்பது வருசமா மாடு வெச்சிருக்கறவனுக்கு இது தெரியாதுங்களா? பையிலயும் அப்படித்தான போட்டிருக்குது.”

“பக்கத்துல நிக்கற நீங்கீங்க?”

“நானும் அப்படித்தானுங்க.”

“அந்தக் கடைசில நிக்கற அண்ணன்?”

“நான் ஒரு கொதி கூடவே உட்டனுங்க. வெலையேறுன வெதை, ஒண்ணுகூடத் தப்பக்கூடாதுன்னு.”

பன்னிருவரும் சொன்னார்கள். ஒருவர்கூட வெந்நீரை மறக்கவில்லை. அத்தனை கவனம், அத்தனை பெருமிதம்.

“சங்கத்துலயே ஒருவாட்டி வெந்நீர் காட்டி, காய வெச்சு, பையில போட்டுக் குடுத்திருக்கறாங்க” என்றாள் ஜீவிதா, ஒவ்வொரு சொல்லாக. “அதுலயே தோலு எளகிருச்சு. எளகுன வெதைய நீங்க ஊட்டுல மறுபடியும் வேக வெச்சீங்க. மருதாத்தாம்மா குடுத்தது உசுருள்ள வெதைங்க. மிச்சம் இங்க மூலையில மொளைச்சு நிக்குது, வந்து பாருங்க. கொன்னது உங்க உங்க அடுப்புங்க.”

 நாற்பத்தெட்டுக் கிலோ விதையைக் கொன்றவர்கள், கொல்லாதவளைப் பூட்டிவைத்துவிட்டுக் காவல் நின்றிருக்கிறார்கள். அறியாமல் செய்தார்கள் என்பது விதைக்குப் பொருந்தும், பூட்டுக்குப் பொருந்தாது.

“கோபிநாத்துங்க” என்று ஜீவிதா அழைத்தாள். “பால் கேனுல வெந்நீர் காட்டுனது நீங்கதானுங்களே?”

கோபிநாத் நிலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நல்லதுன்னு நெனைச்சுத்தானுங்க செஞ்சேன். மெம்பருக்கு வேலை மிச்சமாகும்னு சொன்னதே அவருதானுங்க. பையும் சும்மா அடிச்சுத் தாறேன்னாரு. ‘வெந்நீர் காட்டியாச்சு, அப்படியே வெதைங்க’ன்னு போடச் சொன்னேன். அடிச்சு வந்ததப் படிச்சுப் பாக்காமயே கட்டிக் குடுத்துட்டேனுங்க. வெதை மொளைக்காதப்பறம்தான் படிச்சேன். சொன்னா உன் வேலைதான் போகும்னாரு.”

எல்லாரும் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தனர். அங்கே மரம் மட்டும் நின்றது. தூரத்தில் மோட்டார் சைக்கிளின் ஓசை, கோவிந்தாபுரம் சாலையின் பக்கம் தேய்ந்துகொண்டிருந்தது.

ஜீவிதா கையிலிருந்த பையைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். ரத்தினசாமி உரக்கப் படித்தார்: “விதைக்கும் முன் கொதித்து இறக்கிய நீரில் ஐந்து நிமிடம் இட்டு எடுக்கவும்.” அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: “பை நன்கொடை: செங்கோட்டையன்.” ஒரு சங்கத்தின் விதையைக் கொல்ல நஞ்சு தேவைப்படவில்லை. ஒரு வரி அச்சடித்தாலே போதுமாயிருந்தது. உள்ளூர் விதை செத்தால் ஊருக்கு விற்பது ஆயிரத்து நானூறு. பெயர் கெட்டவளிடம் வாங்குவது நூற்றிருபது.

பூட்டுத் திறக்கும் ஒலி கேட்டது. அதைவிட உரத்து இன்னோர் ஒலியும் கேட்டது. மருதாத்தாள் எழுந்து சென்று உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.

“மருதாத்தா, கதவத் தொறந்தாச்சு. வெளிய வா ஆத்தா” என்றார் ரத்தினசாமி.

“நான் வரலீங்க.”

வீரபாண்டி ஜீவிதாவை நெருங்கிக் காதருகே கேட்டான்: “மேடம், இப்பம் நம்மள யாரு அடைச்சிருக்கா?”

“பேசாம இருங்க.”

மருதாத்தாள் கதவுக்கு முகம் வைத்துப் பேசினாள். குரல் உயரவில்லை. “மழை புடிச்சாச்சு. இந்த வாரம் வெதைக்கலீன்னா உங்க மாட்டுக்குப் பசுந்தீவனம் இல்லீங்க. கடையில ஆயிரத்து நானூறு. என்ற காட்டுல காய் நிக்குது. போன வாட்டி வெலையே, அஞ்ஞூத்தி அம்பதுன்னு எழுதுங்க. நாளைக்குக் காத்தால ஊட்டுக்கு ஒரு ஆளு என்ற காட்டுக்குப் பறிக்க வரோணும். பன்னெண்டு பேரும் ஒப்புப் போடுங்க.”

வெளியே முணுமுணுப்பு எழுந்தது. பிறகு ரத்தினசாமி கேட்டார்: “ஐநூறுன்னு போட்டுக்கலாமா மருதாத்தா? நாங்களும் நட்டப்பட்டிருக்கறோமல்ல?”

குற்றமற்றவளைப் பூட்டிவைத்த அதே பகலில், அதே கதவின் முன்னால், ஐம்பது ரூபாய்க்குப் பேரம்! அவரை நாணச் செய்தது அவருடைய உறவுக்காரப் பெண் செல்வப்பிரியா. ஐந்து கறவை மாடு வைத்திருப்பவள், பன்னிருவருள் ஒருத்தி.

“பெரியப்பா, நம்ம வேக வெச்சுக் கொன்ன வெதைக்கு அவங்க எதுக்குங்க தள்ளுபடி தரோணும்? பேனாவக் குடுங்க இங்க.”

முதற்கையொப்பம் அவளுடையது. மற்றவர்கள் ஒவ்வொருவராக இட்டார்கள். ரத்தினசாமி இறுதியாக இட்டார். தாள் உள்ளே வந்தது. மருதாத்தாள் எழுத்துக் கூட்டி, விலையை இருமுறை படித்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள். எவர் முகத்தையும் பார்க்காமல், கூட்டத்தின் நடுவே தன் தோட்டத்தை நோக்கி நடந்தாள்.

கோபிநாத் மட்டும் கிடங்கின் வாசலிலேயே நின்றார்.

“அம்மிணி, இன்னொண்ணு இருக்குதுங்க. வெந்நீர் காட்டுன வெதைய இதே பையில போட்டு, வேற ரெண்டு சங்கத்துக்கும் செங்கோட்டையன் அனுப்பியிருக்காருங்க. முந்நூறு பை. எந்தெந்த ஊருன்னு எனக்குத் தெரியாதுங்க.”

எந்த ஊர் என்று ஜீவிதாவுக்கும் அன்று தெரியாது. ஆகவே இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் வேலிமசால் விதைப்பை இருக்குமானால், அடுப்பை அணையுங்கள். பத்து விதைகளைப் பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். அவை ஊறிப் பருத்தால், அவற்றுக்கு வெந்நீர் முன்பே காட்டியாயிற்று, நேரே விதையுங்கள். பிறகு அந்தப் பையை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போங்கள். இதை விளைவித்தவர் யார், அவருக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீர் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அந்தக் கடையின் படியை விட்டு இறங்காதீர்கள்.